கண்ணாடி அக்கா பதில்கள்: கிராஸ் லிங்கிங் செய்த கண் ஏன் மங்குகிறது?

போன மாதம் கெரட்டோகோனஸ் பற்றி நாலு வரி எழுதினேன். கருவிழி மெலிந்து கூம்பு மாதிரி முன்னால் பிதுங்குகிற கோளாறு அது, மேலும் பிதுங்காமல் நிறுத்த கிராஸ் லிங்கிங் என்று ஒரு சிகிச்சை இருக்கிறது என்று சொல்லி முடித்துவிட்டேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிக்கு மேல் ஏற்கெனவே சிகிச்சை முடித்தவர்கள் எழுதியவை. செய்துகொள்ளலாமா என்று கேட்பவர்களை விட, செய்துகொண்டு பயந்துபோய் இருப்பவர்கள்தான் அதிகம். அதனால் இந்த இதழின் பக்கங்களை முழுசாக அதற்கே கேட்டு வாங்கிக்கொண்டேன். சர்க்கரையும் கண்ணும் பற்றிக் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: நான் டாக்டர் இல்லை. சேலத்தில் 34 வருஷம் கண் பரிசோதகராக இருந்தவள், லென்ஸ் பொருத்தியவள். என் தம்பிக்கும் என் மகனுக்கும் இதே நோய். தம்பி காலத்தில் கிராஸ் லிங்கிங் கிடையாது. 1991-ல் யாரோ ஒரு புண்ணியவான் தானமாகக் கொடுத்த கருவிழியைப் பொருத்தி, 16 தையல் போட்டார்கள். மகனுக்கு 2012-ல் கிராஸ் லிங்கிங். இரண்டையும் வீட்டுக்குள்ளேயே பார்த்திருக்கிறேன்.

என் மகனுக்கு 19 வயது, இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். வலது கண்ணில் சி3ஆர் (கிராஸ் லிங்கிங்குக்கு இன்னொரு பெயர்) செய்து ஆறு வாரம் ஆகிறது. செய்வதற்கு முன்னால் கண்ணாடி போட்டால் ஓரளவு படித்தான். இப்போது அந்தக் கண்ணில் புகை மூடியது போல இருக்கிறது என்கிறான். ஒரு மாத ஸ்கேனில் கே மேக்ஸ் (கருவிழியின் மிகக் கூரான இடத்து வளைவின் அளவு) 54.2 இருந்தது 55.6 ஆகிவிட்டது. கருவிழி கனம் 452 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) இருந்தது 421 ஆகிவிட்டது. "நல்லா இருந்த கண்ணக் கெடுத்துட்டாங்க" என்று என் மாமனார் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சிகிச்சை தோற்றுவிட்டதா? புதுக் கண்ணாடி எப்போது போடலாம்?
— ஒரு தாய், கன்னங்குறிச்சி

மாமனாரிடம் மூன்று மாதம் முடிகிறவரை இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அவர் வயதுக்கு மரியாதை கொடுத்துத்தான் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியிருக்கிற மூன்றுமே, அதாவது மங்கல், கே மேக்ஸ் ஏறியது, கனம் குறைந்தது, ஒரு மாதத்தில் இப்படி இருப்பது வழக்கம்தான். மூன்றுக்கும் காரணம் உண்டு. அது புரியாவிட்டால் அடுத்த ஸ்கேன் வரைக்கும் உங்களுக்குத் தூக்கம் வராது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அம்மாபேட்டைப் பக்கம் தறி வீடு எதையாவது பார்த்திருப்பீர்கள். பாவு நூல் வரிசையாக, இடைவெளி பிசகாமல் ஓடும். கருவிழிக்குள்ளும் அப்படித்தான் கொலாஜன் இழைகள் சம இடைவெளியில் படுத்திருக்கின்றன. அந்த ஒழுங்கு இருப்பதால்தான் வெளிச்சம் தடையில்லாமல் உள்ளே போகிறது. கெரட்டோகோனஸில் இழைக்கு இழை இருக்கும் பிடிப்பு தளர்ந்து, கண்ணின் உள் அழுத்தத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் அந்த இடம் முன்னால் தள்ளுகிறது. சிகிச்சை நாளன்று முதலில் கருவிழியின் மேல்தோலைச் சுரண்டி எடுத்தார்கள். பிறகு அரை மணி நேரம் மஞ்சள் சொட்டு விட்டிருப்பார்கள். அது ரைபோஃபிளேவின், பி2 வைட்டமின். அப்புறம் புற ஊதா வெளிச்சம். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் உருவாகி 2003-ல் வெளியான முதல் முறையில் அதுவும் அரை மணி நேரம். இப்போது வெளிச்சத்தின் வலுவைக் கூட்டி 10 நிமிடத்தில் முடிப்பவர்களும் உண்டு. வெளிச்சமும் வைட்டமினும் ஆக்சிஜனும் சேர்ந்து இழைகளுக்கு நடுவே புதுப் பிணைப்புகளை உண்டாக்குகின்றன. பாவில் நூல் கூடவில்லை, நூலுக்கு நூல் பிடிப்பு கூடியிருக்கிறது, அவ்வளவுதான். பிதுங்கியதைப் பழைய இடத்துக்குத் தள்ளி வைக்கிற வேலை அதற்கு இல்லை.

இதற்கு ஒரு விலை இருக்கிறது. கருவிழியின் முன்பகுதியில், ஏறக்குறைய 300 மைக்ரான் ஆழம் வரை, இழைகளைப் பராமரிக்கிற செல்கள் அந்த வெளிச்சத்தில் செத்துப்போகின்றன. சுற்றிலும் அடியிலும் இருக்கிற நல்ல செல்கள் மெதுவாக நகர்ந்து வந்து அந்த இடத்தை நிரப்ப ஆறு மாதம் வரைகூட ஆகும். அதுவரை அங்கே கொஞ்சம் நீர் கோத்திருக்கும், இழைகளின் இடைவெளி கலைந்திருக்கும். நம் ஊர் ஜவ்வரிசி வெந்து தண்ணீர் குடித்தால் கண்ணாடி ஆகும். கருவிழி நேர்மாறு, தண்ணீர் கோத்தால் பால் ஆகும். உங்கள் மகன் சொல்கிற புகை அதுதான். முதல் மாதத்தில் உச்சத்துக்குப் போய், மூன்றாம் மாதம் வரை ஏறக்குறைய அப்படியே நின்று, அதற்கு மேல் ஒரு வருடம் வரை கொஞ்சம் கொஞ்சமாக வடியும். டாக்டர் விளக்கில் பார்க்கும்போது கருவிழியின் நடுக் கனத்தில் மெல்லிய கோடு ஒன்று தெரியும். சிகிச்சை எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதைக் காட்டும் எல்லைக்கோடு அது. "கண்ணுக்குள்ள கோடு விழுந்திருச்சாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். விழத்தான் வேண்டும்.

கே மேக்ஸ் ஏன் ஏறியது? கூம்பின் உச்சியில் மேல்தோல் மெலிந்தும், சுற்றிலும் தடித்தும் இருக்கும். குழியும் மேடுமான சுவரில் பட்டி பார்த்த மாதிரி, கூம்பின் கூர்மையை அது கொஞ்சம் மறைத்து வைத்திருக்கும். அதைச் சுரண்டி எடுத்து, புதுத் தோல் வந்து, அது மறுபடி சமன்படுகிறவரை ஸ்கேன் மறைந்திருந்த கூர்மையையும் சேர்த்துக் கூட்டித்தான் காட்டும். மூன்றாம் மாதத்திலிருந்து எண் இறங்கத் தொடங்கும். ஒரு வருடத்தில், சிகிச்சைக்கு முன் இருந்ததைவிட ஒன்றிரண்டு டயாப்டர் (கே மேக்ஸை அளக்கிற அலகு) தட்டையாவது பலருக்கு நடக்கிறது. சிலருக்கு இருந்த இடத்திலேயே நிற்கும். அதுவும் வெற்றியே.

கனத்துக்கு வருவோம். பிணைப்பு ஏற்பட்ட இழைகள் நெருங்கிப் படிவதால் கொஞ்சம் குறைவது உண்மை. மீதி, இயந்திரத்தின் குழப்பம். வெளிச்சத்தை வைத்து அளக்கிற ஸ்கேனுக்குப் புகைக்குள் எல்லை சரியாகத் தெரியாது, குறைத்துச் சொல்லும். ஒரு வருடம் முடிகிறபோது பழைய அளவுக்குப் பக்கத்தில் வந்து நிற்பதைத்தான் பெரும்பாலும் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, உங்கள் கடிதத்தோடு வைத்திருந்த இரண்டு தாள்களையும் பார்த்தேன். முதல் ஸ்கேன் ஓர் ஊரில் ஒரு கம்பெனி இயந்திரத்தில் எடுத்தது, இரண்டாவது வேறு ஊரில் வேறு இயந்திரத்தில். இரண்டு கடைத் தராசில் நிறுத்த வெள்ளியை ஒப்பிடுகிற கதை இது. இனிமேல் எல்லா ஸ்கேனும் ஒரே இடத்தில், ஒரே இயந்திரத்தில் எடுங்கள்.

என் மகன் கதையைச் சொன்னால் உங்களுக்குக் கணக்கு பிடிபடும். பிளஸ் டூ பரீட்சை முடிந்து, மே மாதம், மாம்பழம் வந்திருந்த நேரத்தில் செய்தோம். முதல் இரண்டு இரவு வலி. மேல்தோல் ஆறுகிறவரை காப்புக்காக வைத்திருந்த பேண்டேஜ் லென்ஸை ஐந்தாம் நாள் எடுத்தார்கள். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குக் கூட்டிப் போனேன், சீரியல் பல்பு ஒவ்வொன்றுக்கும் வால் முளைத்திருக்கிறது என்றான். தீபாவளிக்குள் வால் சுருங்கிவிட்டது. பொங்கலுக்கு, செய்வதற்கு முன் பார்த்த அளவுக்குப் பார்த்தான். அடுத்த மாம்பழ சீசனில் எடுத்த ஸ்கேனில் கே மேக்ஸ் பழையதைவிட 1.3 குறைவு.

இதில் என் அசட்டுத்தனத்தையும் சொல்லிவிட வேண்டும். ஊருக்கெல்லாம் பவர் பார்க்கிற நான், ஐந்தாவது வாரமே அவனுக்கும் பார்த்து, 1,800 ரூபாய்க்குக் கண்ணாடி செய்து கொடுத்தேன். காலேஜ் திறக்கப் போகிறதே என்ற அவசரம். ஆடி முடிவதற்குள் அந்தக் கண்ணாடி எதற்கும் உதவாமல் போனது. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன், மூன்று மாதம் முடியட்டும். அதற்குள் படிக்கவே முடியவில்லை என்றால் மலிவான பிரேமில் தற்காலிகமாக ஒன்று போட்டுக்கொள்ளலாம். ஆர்ஜிபி போன்ற கெட்டி லென்ஸ் முன்னால் போட்டிருந்தால், மேல்தோல் நன்றாக ஆறியதை டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் மறுபடி தொட வேண்டும். வழக்கமாக ஒரு மாதமாவது ஆகும்.

எதற்குப் பயப்பட வேண்டும் என்பதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்த வலி திரும்ப ஏறினால், கண் ரத்தச் சிவப்பானால், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், பீளை தள்ளினால், பார்வை ஒரே நாளில் சரிந்தால், காலை வரை காத்திருக்காமல் அன்றே போக வேண்டும். கிருமி தொற்றுவது அபூர்வம், ஆனால் வந்தால் விட்டுவைக்காது. சிலருக்குப் புகை முழுசாக வடியாமல் தழும்பாகத் தங்குவதும் உண்டு. கூம்பு மிகவும் கூர்மையாக, கருவிழி மிகவும் மெல்லியதாக இருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு அதிகம். ஸ்டீராய்டு சொட்டு எழுதிக் கொடுத்திருப்பார்கள். "புகை இன்னும் போகலியே" என்று மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே இன்னொரு பாட்டில் வாங்கி விடாதீர்கள். அது கண் அழுத்தத்தை ஏற்றிவிடும், அப்புறம் அது தனி வைத்தியம்.

இடது கண்ணைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. இந்த நோய் பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் உண்டு, ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால். அடுத்த முறை அதையும் ஸ்கேன் எடுத்து வையுங்கள்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருக்கிறேன். வயது 27. இடது கண்ணுக்கு கிராஸ் லிங்கிங் சொல்லியிருக்கிறார்கள். கார்த்திகையில் பழம் பறிப்பு சூடு பிடித்தால் தை வரை ஓயாது. மாசியில் செய்துகொள்ளலாமா? செய்தபின் எத்தனை நாள் தோட்டத்துக்குப் போகக் கூடாது?
— மேஸ்திரி, ஏற்காடு

முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, உங்கள் பையில் இருக்கிறது. கடைசியாக எடுத்த இரண்டு ஸ்கேனையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஆறு மாசத்துல எவ்வளவு நகர்ந்திருக்கு?" ஒரு டயாப்டருக்கு மேல் நகர்ந்திருந்தால் நாலு மாதம் என்பது சின்ன விஷயம் இல்லை. கொஞ்சம்தான் நகர்ந்திருக்கிறது என்றால், 27 வயதில், அவரே சம்மதிக்கலாம். 17 வயதுப் பையன் இதைக் கேட்டிருந்தால் அடுத்த வாரமே போ என்று விரட்டியிருப்பேன். அந்த வயதில் இது ஓடும், உங்கள் வயதில் நடக்கும்.

காத்திருக்கிற நாட்களில் கண்ணைக் கசக்கக் கூடாது. இதை எல்லோரும் சொல்லியிருப்பார்கள், நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள். ஆனால் களத்தில் காப்பிப் பழத்தோல் காயும்போது பறக்கிற தூசு, காலைக் குளிர், விறகுப் புகை எல்லாம் சேர்ந்தால் கை தானாகப் போகும். அதனால் கைக்கு வேலை சொல்லாமல் அரிப்புக்கு வழி பாருங்கள். அலர்ஜிக்கு தினமும் விடுகிற சொட்டு இருக்கிறது, டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். அரிக்கும்போது, சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமை மேல் சும்மா வையுங்கள், அழுத்தாமல். இது சிகிச்சைக்கு முன்னால் மட்டும். செய்த பிறகு முதல் வாரம் ஈரத்துணியே ஆகாது. என் மகன் சாயங்காலமானால் முஷ்டியை வைத்து உருட்டி உருட்டிக் கசக்குவான். சிலிண்டர் பவர், அதாவது கருவிழி ஒரே சீராக வளையாததைச் சரிக்கட்டுகிற பவர், வருஷா வருஷம் ஏறியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், செல்போன்தான் காரணம் என்று திட்டிக்கொண்டே இருந்தேன். லென்ஸ் பொருத்துகிறவள் வீட்டிலேயே இப்படி.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். முதல் வாரம் மலையிலேயே இருக்காதீர்கள். மறுநாள் பார்க்க வரச் சொல்வார்கள், நாலைந்து நாளில் லென்ஸை எடுக்க வரச் சொல்வார்கள். வெளிச்சம் பட்டால் கண்ணீர் கொட்டுகிற நிலையில் 20 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்கி ஏறுவது தேவையில்லாத தண்டனை. கீழே சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள். திரை போட்ட அறை, கறுப்புக் கண்ணாடி, தூக்கம், இவ்வளவுதான் அந்த வாரத்து வேலை. லென்ஸ் கண்ணில் இருக்கிறவரை ஒரு சொட்டுக் குழாய்த் தண்ணீர்கூட உள்ளே போகக் கூடாது, தலைக் குளியல் கிடையாது. லென்ஸ் தானாக வெளியே விழுந்துவிட்டால் கழுவி மறுபடி வைக்க வேண்டாம், போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

நிழலில் நின்று ஆட்களை மேய்க்கிற வேலைக்கு பத்து நாள், இரண்டு வாரத்தில் போய்விடலாம். களத்துத் தூசுக்கும் மருந்தடிக்கிற இடத்துக்கும் ஒரு மாதம் வேண்டும். இரவில் பைக் எடுத்து மலையிறங்குவது மட்டும் டாக்டர் பார்வையை அளந்து சொல்கிறவரை கூடவே கூடாது. எதிரே வருகிற லாரியின் ஹெட்லைட் ஒன்று நாலாகச் சிதறும்.

சிகிச்சைக்குப் பிறகு கண்ணாடி போட வேண்டியதில்லைதானே?
— கல்லூரி மாணவி, ஓமலூர்

போட வேண்டியிருக்கும். கண்ணாடி, அல்லது லென்ஸ். இருக்கிற கூம்பு இருக்கும், வளராது. கண்ணாடியைக் கழற்றுகிறோம் என்று விளம்பரம் செய்கிற லேசிக் பக்கம் தலைவைத்தும் படுக்காதே, கண்ணு. ஏற்கெனவே மெலிந்த கருவிழியை அது இன்னும் மெலிய வைக்கும்.

அந்த மஞ்சள் மருந்து வெறும் பி2 வைட்டமின்தானாமே. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டு வெயிலில் நின்றால் போதாதா? சேலத்து வெயிலுக்குக் குறைச்சலா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆத்தூர்

சிரித்துவிட்டேன் சார், ஆனால் கேள்வி நல்ல கேள்வி. மாத்திரை போட்டால் சிறுநீர் மஞ்சளாகப் போகிறதே, அதே சரக்குதான் இது. கருவிழிக்கு ரத்தக்குழாய் கிடையாது. மேல்தோலோ பெரிய மூலக்கூறுகளை உள்ளே விடாத காவல்காரன். அதனால்தான் தோலை எடுத்துவிட்டு அரை மணி நேரம் ஊற வைக்கிறார்கள். வெளிச்சமும் 370 நானோமீட்டர் அளவில், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 3 மில்லிவாட் என்று அளந்து விடுவது. வெயிலை அண்ணாந்து பார்த்தால் கருவிழி கெட்டியாவதற்கு முன்னால் விழித்திரை வெந்துவிடும். மாத்திரையைப் போடுங்கள், வாய்ப்புண்ணுக்கு நல்லது.

கருவிழி 385 மைக்ரான்தான் இருக்கிறது, கிராஸ் லிங்கிங் செய்ய முடியாது என்று ஓரிடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இனி மாற்றுக் கருவிழி ஒன்றுதான் வழியா?
— விசைத்தறித் தொழிலாளி, கொண்டலாம்பட்டி

அவசரப்பட்டு அந்த முடிவுக்குப் போக வேண்டாம். மேல்தோலை எடுத்தபின் 400 மைக்ரானாவது இருக்க வேண்டும் என்பது பழைய முறையின் விதி. கருவிழியின் அடியில் ஒற்றை வரிசையாக ஒரு செல் படலம் இருக்கிறது. உள்ளே நீர் தேங்காமல் இறைத்துக்கொண்டே இருக்கிற மோட்டார் அது. அது செத்தால் திரும்ப முளைக்காது. புற ஊதா வெளிச்சம் அங்கே போய்ச் சேராமலிருக்கத்தான் அந்த 400. உங்களைத் திருப்பி அனுப்பியவர்கள் கெட்ட எண்ணத்தில் அனுப்பவில்லை.

ஆனால் மெல்லிய கருவிழிக்கென்று வேறு முறைகள் வந்துவிட்டன. உப்புச் செறிவு குறைந்த ரைபோஃபிளேவினை விட்டு கருவிழியைத் தற்காலிகமாக உப்ப வைத்து, 400-ஐத் தாண்டியதும் வெளிச்சம் காட்டுவது ஒன்று. ரைபோஃபிளேவினில் ஊறிய மெல்லிய கான்டாக்ட் லென்ஸை மேலே வைத்துக் கனத்தைக் கூட்டிக்கொள்வது இன்னொன்று. இந்த இரண்டாவது முறையை 2014-ல் உலகத்துக்குச் சொன்னவர்கள் நம் சென்னை மருத்துவர்கள்தான். கருவிழிக்கென்று தனிப் பிரிவு இருக்கிற பெரிய மருத்துவமனைக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். உங்கள் வயதை எழுதவில்லை. 40 தாண்டியிருந்தால் நோய் தானாகவே நின்றிருக்கவும் கூடும். அப்படியானால் நல்ல லென்ஸே போதும், கருவிழியைத் தொடாமல் வெள்ளைவிழி மேல் உட்காருகிற ஸ்க்லீரல் லென்ஸ் என்று கேளுங்கள்.

நான்கு வருடம் முன்பு கிராஸ் லிங்கிங் செய்தேன். வயது 34, வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். இப்போது சிலிண்டர் 2.5-லிருந்து 3.25 ஆகிவிட்டது என்று கண்ணாடிக் கடையில் சொன்னார்கள். மறுபடி வளர்கிறதா?
— செவ்வாய்ப்பேட்டை வாசகர்

கடைக்காரர் சொன்னதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கடைக்காரியாக இருந்தவளே சொல்கிறேன். கூம்புக் கண்ணில் பவர் பார்ப்பது, ஓடுகிற தண்ணீரில் முகம் பார்ப்பது போல. காலையில் ஒன்று வரும், சாயங்காலம் ஒன்று வரும், என் கைக்கு ஒன்று, அடுத்தவர் கைக்கு ஒன்று. முக்கால் பவர் வித்தியாசம் வந்ததும் நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தமில்லை.

ஸ்கேன்தான் பேச வேண்டும். அதையும் சிகிச்சைக்கு முன் எடுத்ததோடு ஒப்பிடாமல், சிகிச்சை முடிந்து ஒரு வருடத்தில் எடுத்தீர்களே, அதோடு ஒப்பிடச் சொல்லுங்கள். புதுக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. கெட்டி லென்ஸ் போடுகிறவராக இருந்தால் டாக்டரைக் கேட்டு இரண்டு, மூன்று வாரம் கழற்றி வைத்துவிட்டு எடுங்கள். கருவிழி லென்ஸின் வடிவத்துக்கு அமுங்கியிருக்கும்போது எடுத்தால் பொய் சொல்லும். கே மேக்ஸ் ஒன்றுக்கு மேல் ஏறி, கனமும் குறைந்திருந்தால் வளர்கிறது என்று பொருள். இரண்டாம் முறை செய்வதும் நடைமுறையில் இருக்கிறது.

சிகிச்சை எல்லோருக்கும் பலிப்பதில்லை என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. 2009-ல் வெளியான ஒரு ஸ்விஸ் ஆய்வில் 7.6 சதவீதக் கண்களில் அப்புறமும் நோய் வளர்ந்தது. 58 டயாப்டருக்கு மேல் கூம்பு போயிருந்தவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். ஆனால் நான் நேரில் பார்த்தவர்களில், திரும்ப வளர்ந்தவர்கள் ஏறக்குறைய எல்லோருமே கசக்குவதை விடாதவர்கள். பற்ற வைக்கிற இடத்துப் புகையும் பாலிஷ் பொடியும் உங்கள் கண்ணை உறுத்தும் என்று எனக்குத் தெரியும். பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்காருங்கள். பட்டறையில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

மகளுக்கு 23 வயது. மூன்று வருடம் முன்பு இரண்டு கண்ணிலும் சிகிச்சை முடிந்து ஸ்கேன் அப்படியே நிற்கிறது. என் அண்ணன் மகனுக்கே கொடுக்கலாம் என்று பேச்சு. வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் வலது கண்ணில் மெல்லிய மங்கல் தெரிகிறது. இதைச் சொல்ல வேண்டுமா? குழந்தைக்கு வருமா?
— பெயர் வேண்டாம், சேலம்

சொல்லிவிடுங்கள். சொந்த அண்ணன் வீட்டில், இரண்டு கண்ணுக்கும் சிகிச்சை நடந்தது மூன்று வருடமாக யாருக்கும் தெரியாது என்று நீங்கள் நம்புகிறீர்களா? உங்கள் அண்ணிக்கு நிச்சயம் தெரியும். நீங்களாகச் சொன்னால் அது ஒரு செய்தி, அவர்களாகக் கேட்டால் அது ஒரு வழக்கு.

பரம்பரைக்கு வருவோம். இந்த நோய் வந்த பெரும்பாலானோர் வீட்டில் முன்னால் யாருக்கும் இருந்ததில்லை. ஆனால் ஒருவருக்கு வந்துவிட்டால் ரத்த சொந்தங்களுக்கு வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல்தான். என் வீட்டிலேயே தாய்மாமனுக்கும் மருமகனுக்கும் வந்தது. சொந்தத்துக்குள் திருமணம் நடந்த குடும்பங்களில் இது அதிகம் காணப்படுவதையும் ஆய்வுகள் சொல்கின்றன. திருமணத்தைத் தடுக்க இதைச் சொல்லவில்லை. மாப்பிள்ளைப் பையனுக்கும் ஒருமுறை கருவிழி ஸ்கேன் எடுத்துவிடுங்கள், பத்து நிமிட வேலை, ஊசி கிடையாது. நாளைக்குக் குழந்தை பிறந்தால் பத்து, பன்னிரண்டு வயதில் அதற்கும் எடுக்க வேண்டும். நான் என் மகனுக்குச் செய்யாமல் விட்டது அது.

உங்கள் மகளுக்கு மட்டும் தனியாக ஒன்று: கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் கருவிழி கொஞ்சம் இளகும், நின்றிருந்த நோய் சிலருக்கு அசைந்து கொடுத்ததும் உண்டு. அதனால் உண்டாவதற்கு முன்னால் ஒரு ஸ்கேன், பிரசவம் முடிந்து சில மாதம் கழித்து ஒரு ஸ்கேன். இடையில் பவர் மாறினால் புதுக் கண்ணாடி வாங்காமல் பொறுத்திருக்கட்டும், பால் நிறுத்தியபின் பார்த்துக்கொள்ளலாம். அந்த மங்கல் எதிரே உட்கார்ந்து பேசுகிறவர் கண்ணுக்குத் தெரியாது. டார்ச் அடித்துப் பெண் பார்க்க வருகிற வீட்டுக்குக் கொடுக்கவே வேண்டாம்.

பேரனுக்கு கிராஸ் லிங்கிங் செய்து நாலு நாள் ஆகிறது. கண் எரிகிறது என்கிறான். நந்தியாவட்டைப் பூச்சாறு இரண்டு சொட்டு விடலாமா? எங்கள் காலத்தில் எல்லாக் கண் நோய்க்கும் அதுதான்.
— ஒரு பாட்டி, தாதகாப்பட்டி

வேண்டாம் பாட்டி. பூவும் வேண்டாம், தாய்ப்பாலும் வேண்டாம், விளக்கெண்ணெயும் வேண்டாம், சாமி தீர்த்தமும் வேண்டாம். நாலாம் நாள் என்றால் மேல்தோல் முழுசாக மூடியிருக்காது, உள்ளே லென்ஸ் வேறு இருக்கும். பூவோடு வருகிற பூஞ்சை அங்கே போய் உட்கார்ந்துகொண்டால் கண்ணே போய்விடும். எரிச்சல் நேற்றைவிட இன்று குறைவா என்று மட்டும் அவனிடம் கேளுங்கள். குறைவு என்றால் எழுதிக் கொடுத்த சொட்டை நேரத்துக்கு விட்டு, இருட்டறையில் தூங்கவிடுங்கள். அதிகம் என்றால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு ஆட்டோவுக்குச் சொல்லுங்கள்.